கோவிவன் வந்த வீடு

நுழையும்முன்

தெருவில் தவிக்கும் ஓர் உயிரைக் கண்டு இரங்குவது எளிது. அதனை வீட்டுக்குள் அழைத்து வாழவைப்பது எளிதன்று. அச்சமும் செலவும் அண்டை வீட்டாரின் முகச்சுளிப்பும் குறுக்கே நிற்கும். அவற்றினூடே ஒரு நாய்க்குட்டி ஒரு குடும்பத்துக்குள் நுழைந்த கதையைச் சொல்கிறது இக்கட்டுரை.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், நெமிலிச்சேரிக்கு அடுத்து வருவது திருநின்றவூர். மனத்துக்குள்ளேயே கோவில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. காஞ்சியில் மன்னன் எழுப்பிய கற்றளிக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, அந்நாளில் தான் பூசலாரின் மனக்கோவிலுக்குச் செல்லவிருப்பதாக இறைவன் கனவில் கூறினான் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. மனத்தில் இடமளிப்பதற்குப் பெயர்பெற்ற இவ்வூரில், ஒரு நாய்க்குட்டிக்கு எங்கள் வீட்டில் இடம் கிடைக்க மூன்று மாதங்கள் ஆயின.

ஐப்பசி மழை விடாது பெய்த ஒரு மாலை. நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். சாலையோரக் கால்வாயின் சிமெண்ட் குழாய்க்குள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்டது. குனிந்து பார்த்தேன். பிறந்து ஒரு மாதமே ஆகியிருக்கும். செம்மண் நிறத்தில், நனைந்த துணிச்சுருளைப் போல ஒரு குட்டி. தாயைக் காணவில்லை. கால்வாயில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. சிந்திப்பதற்கு நேரமில்லாதபோது மனிதர் பெரும்பாலும் நல்லவராகவே நடந்துகொள்கின்றனர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குட்டியைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு வீடு சேர்ந்தேன்.

வாசலிலேயே அம்மா தடுத்தார். “நாய் வேண்டாம்ப்பா. ஒருதரம் பட்டது போதும்” என்றார். அவர் குரலில் சினம் இல்லை, நடுக்கம் இருந்தது.

அதன் காரணத்தை நாங்கள் அறிவோம். அம்மாவின் தம்பி, நான் பாராத என் தாய்மாமன், ஒன்பது வயதில் வெறிநாய்க்கடியால் இறந்தவர். அக்காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று பிள்ளைகளிடையே பேச்சு. அவ்வூசிக்கு அஞ்சிய சிறுவன், காலில் பட்ட கடியை வீட்டில் சொல்லாமல் மறைத்துவிட்டான். நோய் வெளிப்பட்டபின் யாராலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. தண்ணீர்க் குவளையைக் கண்டு தம்பி அலறியதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அம்மா மறக்கவில்லை. அவரது அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எங்களுக்கு உரிமையில்லை.

எனவே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மழை நிற்கும்வரை குட்டி மாடிப்படியின் அடியில் இருக்கலாம். வாசற்படியைத் தாண்டக் கூடாது. மழை நின்றது. குட்டி அங்கேயே இருந்தது. அதுபற்றி யாரும் பேசவில்லை.

என் மகள் அப்போது பள்ளியில் நடுகற்கள் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். குட்டிக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எழுப்பப்பட்ட கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்து அது காவல் காத்து நின்றது என்றும் கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஊர்மக்கள் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்திருக்கின்றனர். நாய்க்குப் பெயரிடுதல் மேல்நாட்டார் வழக்கம் என்று எண்ணுவோர் அறியவேண்டிய செய்தி இது. ஆயினும், “கோவிவன்” என்று முழுதாக அழைத்தவள் என் மகள் மட்டுமே. மற்றவர்களுக்கு அவன் “கோவி”.

கால்நடை மருத்துவர் முதலில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தார். அடுத்துக் குட்டிகளைக் கொல்லும் பார்வோ போன்ற நோய்களுக்குரிய தடுப்பூசி. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்தபின் போடப்பட்டது. அடுத்த மாதம் வலுவூட்டும் ஊசி. பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போடவேண்டும் என்றார். தடுப்பூசி அட்டையை வாங்கிய அம்மா, அதிலிருந்த நாள்களைக் கண்ணாடி அணிந்து இருமுறை படித்தார். பின்பு அதனைக் கூடத்து நாட்காட்டியின் பின்னே செருகிவைத்தார். மறுநாள் காலையில், கோவி வாசற்படிக்கு உள்ளே படுத்திருந்தான். அவனை உள்ளே விட்டது யார் என்று கேட்டபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், விடை சொல்லவில்லை.

தெரிந்து தெளிவோம்

வெறிநோய்க்கு முதன்முதலாக 1885 இல் மனிதர் ஒருவருக்குத் தடுப்பூசி செலுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். தமிழ்நாட்டில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907 இல் தொடங்கப்பட்டது. வயிற்றில் ஊசி போடும் பழைய முறை இன்று வழக்கில் இல்லை, கையிலேயே போடப்படுகிறது. நாய் கடித்தால், கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கடிபட்டதை ஒருபோதும் மறைக்கக் கூடாது.

நாய் மனிதரை நம்புவதற்கு எல்லை உண்டா? நாலடியார், தன்மேல் எறியப்பட்ட வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு நாய் வாலாட்டும் என்கிறது. புலவர் மிகைப்படுத்துகிறார் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 2016 ஜூலையில் அவ்வெண்ணம் மாறியது. பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூர்ப் பகுதியில், மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கி எறிந்து அதனைக் காணொலியாகவும் எடுத்துப் பரப்பினர் சிலர். நாய் இறந்திருக்கும் என்றே பலரும் கருதினர். சில நாள்களுக்குப் பின், காலெலும்பு முறிந்து முதுகெலும்பில் அடிபட்ட நிலையில் விலங்கு ஆர்வலர்கள் அதனை உயிரோடு கண்டெடுத்தனர். தன்னைத் தூக்க வந்த மனிதரைக் கண்டு அது வாலாட்டியதாக அன்றைய செய்திகள் கூறின. பத்ரா என்று பெயர் பெற்ற அந்நாய் சிகிச்சையில் தேறியது. சென்னையிலேயே ஒரு வீட்டில் அடைக்கலம் பெற்றது.

இத்தகைய கொடுமைக்கு 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதன்முறைக் குற்றத்துக்கு விதிக்கும் தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அச்சட்டம் உருவாக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர், கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி. 1960 இல் ஐம்பது ரூபாய் பெரிய தொகைதான். இன்று அது ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது.

சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று வலியுறுத்தியது நீலச்சிலுவைச் சங்கம். விமானியான சுந்தரம் தம் குடும்பத்தாரோடு அதனை நிறுவினார். தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததே எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்பர். அவர் சொன்ன வழியைச் சென்னை மாநகராட்சி ஏற்றது 1996 இல். இரண்டு குட்டிகள் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததன் பயனை, இன்று காதின் ஓரத்தில் சிறு வெட்டடையாளத்தோடு நம் தெருக்களில் உலவும் நாய்களிடம் காணலாம். கருத்தடை செய்யப்பட்டமைக்கு அதுவே அடையாளம்.

கோவியால் எங்களுக்கு இன்பம் மட்டுமே விளைந்தது என்று சொன்னால் பொய்யாகும். என் செருப்புகள் இரண்டு இணை போயின. மகளின் புவியியல் நோட்டில் பாதி போயிற்று. வெளியூர்த் திருமணம் ஒன்றுக்கு நால்வரும் சேர்ந்து செல்ல முடியவில்லை. ஆனால், அப்பா மறைந்தபின் வீட்டைவிட்டு வெளியே வராதிருந்த அம்மா, காலை ஐந்தரை மணிக்கு அவனோடு ஏரிக்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். முன்பு முகம் சுளித்த எதிர்வீட்டு அம்மையார் இப்போது அவர்களோடு நடக்கிறார். நாயும் அதனை வளர்ப்போரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்கும்போது, தாய் சேய் பிணைப்பில் சுரக்கும் ஆக்சிடோசின் இருவர் உடலிலும் மிகுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015 இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். அம்மாவிடம் இதனைச் சொன்னேன். “அவன் பார்க்கிறான், நானும் பார்க்கிறேன். இதுக்கெல்லாமா ஆராய்ச்சி?” என்றார்.

மாலையில் நான் வரும் நேரத்தைக் கோவி அறிவான். எந்த வண்டி என்று அவனுக்குத் தெரியுமா என்பது ஐயமே, பொழுது தெரிகிறது. வாயிற்கதவருகே சென்று காதை நிமிர்த்தி நிற்பான். அதைக் கண்டதும், “வண்டி நெமிலிச்சேரி தாண்டிடுச்சு” என்று சொல்லி அம்மா அடுப்பில் தேநீருக்குப் பால் வைப்பார். சென்ற கார்த்திகையில், மழையால் வண்டிகள் நின்று, இரவு பத்து மணிக்கே வீடு சேர்ந்தேன். கதவருகே நாயும் அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அம்மாவும் இருந்தனர். பாலை மூன்றுமுறை சுடவைத்தாயிற்றாம்.

கற்பவை கற்றபின்…

உங்கள் பகுதியில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சென்று, வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடப்படுகிறது எனக் கேட்டறிந்து, வகுப்பறையில் பகிர்க.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வாழும் ஓர் உயிரினத்தின் ஒருநாள் வாழ்வை உற்றுநோக்கி, இரண்டு பக்க அளவில் எழுதுக.