அணுக்கருவை உடைக்கும் கூடம்: கேள்விப்பட்டதும் உள்ளதும்

2022 மே 2 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஈஸ்ட் லான்சிங் என்ற பல்கலைக்கழக ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அரிய ஐசோடோப்புக் கற்றைகளுக்கான ஆய்வகம் அது. அங்கே வேலை பார்ப்பவர்கள் சுருக்கமாக எஃப்ரிப் என்பார்கள். விழாவுக்கு வந்த எரிசக்தித் துறைச் செயலர் ஜெனிஃபர் கிரான்ஹோம் ஊருக்குப் புதியவர் அல்ல. சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தோடு மல்லுக்கட்டி, 2008 டிசம்பரில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இந்தத் திட்டத்தைத் தட்டிச் சென்றபோது மாநில ஆளுநராக இருந்தவர் அவர்தான். அறிவிப்புக்கும் ரிப்பனுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. செலவு 73 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஐயாயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல்.

கனமான அணுக்கருக்களை ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் ஓட்டி, சுழலும் கிராஃபைட் தட்டில் மோதவிட்டு, சிதறும் துண்டுகளிலிருந்து பூமியில் கிடைக்காத ஐசோடோப்புகளைப் பொறுக்கி எடுப்பது இந்தக் கூடத்தின் வேலை. இதைச் சொன்னதும் பலருக்கும் சில கேள்விகளும், கேள்விகளைவிட அதிகமாகச் சில முடிவுகளும் மனத்தில் எழும். அந்த முடிவுகளில் சிலவற்றை எடுத்துப் பார்க்கலாம்.

“அணு ஆராய்ச்சியா? வெடித்தால் ஊரே காலி”

அணு உலையையும் எஃப்ரிப் போன்ற முடுக்கியையும் ஒன்றாகப் பார்ப்பதால் வரும் பயம் இது. உலையில் ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டுகிறது; அந்தத் தொடர்வினையைக் கட்டுக்குள் வைப்பதுதான் அங்கே முழுநேரக் கவலை. முடுக்கியில் தொடர்வினைக்கு இடமே இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் கற்றை அந்தக் கணமே நின்றுவிடும்.

கையாளப்படும் பொருளின் அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஃப்ரிப்பின் முழுத் திறன் 400 கிலோவாட். அந்தத் திறனில் யுரேனியக் கற்றையை ஓட்டினால் நொடிக்குச் சுமார் ஐம்பது லட்சம் கோடி அணுக்கருக்கள் தட்டில் மோதும். மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் அவற்றின் மொத்த எடை நொடிக்கு இருபது நானோகிராம். ஆண்டு முழுக்க ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் ஓட்டினாலும் தட்டைத் தொடும் யுரேனியம் ஒரு கிராமை எட்டாது.

இதை வைத்து ‘கதிர்வீச்சே கிடையாது’ என்று சொல்லிவிடக் கூடாது. அறிவியல் பிரச்சாரகர்கள் சிலர் ஆர்வத்தில் அப்படியும் சொல்வதுண்டு. கற்றை மோதும் தட்டும், மிஞ்சிய கற்றையை விழுங்கும் பகுதியும் கடுமையாகக் கதிரியக்கம் ஏறிப் போகும். கற்றை நின்ற பிறகும் மனிதர் பக்கத்தில் போய்க் கைவைக்க முடியாது. தட்டை மாற்றுவது தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளின் வேலை. அதனால்தான் முடுக்கி இருக்கும் சுரங்கம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது, சுற்றிலும் தடித்த கான்கிரீட் சுவர். அந்தத் தடுப்பு இருப்பதால்தான் வேதியியல் துறைக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே, மாணவர்கள் சைக்கிளில் போய்வரும் சாலையோரத்தில் இதைக் கட்ட முடிந்தது.

“முடுக்கி என்றால் பிரம்மாண்ட வளையம்; பெரிதாக இருந்தால்தான் மதிப்பு”

ஜெனீவாவின் 27 கிலோமீட்டர் முடுக்கி வளையம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. எஃப்ரிப்பில் வளையம் கிடையாது. நேர்கோட்டு முடுக்கி ஒன்றை பேப்பர் கிளிப் போல மூன்றாக மடித்து, சுமார் 170 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த இடம் அவ்வளவுதான்.

ஆற்றலிலும் போட்டி இல்லை. ஜெனீவாவில் ஒரு புரோட்டான் 6.8 டெரா எலெக்ட்ரான் வோல்ட் வரை போகிறது. இங்கே யுரேனியக் கருவிலுள்ள ஒவ்வொரு புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் கிடைப்பது 200 மெகா எலெக்ட்ரான் வோல்ட்; முப்பத்து நான்காயிரத்தில் ஒரு பங்கு. அதற்குமேல் ஏற்றுவதில் இவர்களுக்குப் பெரிய லாபமில்லை. இவர்களுக்கு வேண்டியது நியூட்ரான்கள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்ட, சில மில்லிநொடிகளில் அழிந்துவிடும் கருக்கள். கோடானுகோடி மோதல்களில் ஒன்றிரண்டில்தான் அப்படி ஒரு துண்டு பிறக்கும். ஆகவே வேகத்தைவிட எண்ணிக்கை முக்கியம்: நொடிக்கு எத்தனை கருக்களைத் தட்டில் கொண்டுபோய்க் கொட்ட முடிகிறது? 400 கிலோவாட் என்ற எண் அங்கிருந்து வருகிறது. துண்டுகள் முன்னோக்கியே அதே வேகத்தில் பாய்வதால், வழியில் வரிசையாக நிற்கும் காந்தங்கள் ஒரு மைக்ரோநொடிக்குள் வேண்டியதைப் பிரித்து அனுப்பிவிடுகின்றன.

“பணம் இருந்தால் போதும், சாமான்களை வாங்கிப் பூட்டினால் முடிந்தது”

இந்த எண்ணம்தான் எல்லாவற்றிலும் அநியாயமானது. எந்திரத்தின் ஓரிரு பாகங்களைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

கருக்களுக்கு வேகம் தருபவை நியோபிய உலோகத்தால் ஆன உள்ளீடற்ற அறைகள். கேவிட்டி என்பார்கள். நான்கு வகையில் மொத்தம் 324 கேவிட்டிகள், 46 குளிர்கலங்களுக்குள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. திரவ ஹீலியத்தில் மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்ததும் நியோபியம் மீக்கடத்தியாகி, மின்தடை ஏறக்குறைய இல்லாமல் ரேடியோ அலைகளைத் தாங்கும். நியோபியத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுத்து, எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்து, உள்பரப்பை அமிலத்தில் மெலிதாக அரித்துவிடுவார்கள். அதோடு வேலை முடிந்ததென்று நினைத்தால், அதற்குப் பிறகுதான் உண்மையான கழுவல். தலை முதல் கால்வரை வெள்ளை உடைக்குள் மூடிக்கொண்ட ஆட்கள், தூசி நீக்கிய அறையில் நின்று, மிகத் தூய நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சி உள்ளே அங்குலம் அங்குலமாகக் கழுவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உள்ளே தங்கினாலும், மின்புலம் ஏறும்போது அந்த முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பும். எக்ஸ் கதிர் வரும், சுவர் சூடாகும், ஹீலியம் கொதிக்கும், அந்தக் கேவிட்டியின் திறனைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். இந்தக் கவனத்தை 324 முறை குறையாமல் காட்ட வேண்டும்.

குளிரூட்டும் ஆலை தனிக் கதை. நாசாவும் ஜெஃபர்சன் ஆய்வகமும் பயன்படுத்திய ஒரு குளிர்விப்பு முறைக்கு அதை வகுத்த பொறியாளரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்: கன்னி சுழற்சி. அந்த ராவ் கன்னி பின்னாளில் மிச்சிகனுக்கு வந்து, குளிர்நுட்பப் பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். ஆலையை விலைக்கு வாங்கலாம். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம்பேர்தான் என்பதால் ஆட்களையும் அங்கேயே வளர்க்க வேண்டியிருந்தது.

அடுத்தது லித்தியம். யுரேனிய அணுவிலிருந்து எத்தனை எலெக்ட்ரான்களை உரிக்கிறோமோ, அவ்வளவுக்கு அதே மின்புலம் அதைக் கூடுதலாகத் தள்ளும். ஆகவே பாதி வழியில் கற்றையை மெல்லிய படலம் ஒன்றின் ஊடே செலுத்தி மீதி எலெக்ட்ரான்களில் பெரும்பகுதியைக் கழற்றிவிடுவது வழக்கம். பல ஆய்வகங்களில் அதற்குக் கார்பன் தாள் போதும். இவ்வளவு அடர்ந்த யுரேனியக் கற்றையைத் திடப்பொருள் எதுவும் வெகுநேரம் தாங்காது. அதனால் உருகிய லித்தியத்தை வெற்றிடத்துக்குள் நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ச்சி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு தடிமனுள்ள திரைபோல விரியச் செய்தார்கள். கற்றை எங்கே தாக்கினாலும் அடுத்த கணம் அங்கே புது லித்தியம் வந்துவிடும். கெட்டுப்போக எதுவும் நிற்பதே இல்லை. காற்றும் ஈரமும் பட்டால் தீப்பற்றக்கூடிய உலோகத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். இதை எந்தக் கடையில் ஆர்டர் கொடுப்பது?

“இந்த மாதிரித் திட்டம் எதுவும் சொன்ன காசில், சொன்ன நாளில் முடியாது”

இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. டெக்சாஸில் 87 கிலோமீட்டர் வளையம் ஒன்றைக் கட்டத் தொடங்கி, இருபது கிலோமீட்டருக்கு மேல் சுரங்கமும் தோண்டி, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவான பின் 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் கைகழுவிவிட்டது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டப்பட்டுவரும் ஃபேர் ஆய்வகம் இன்னொரு பாடம். 2010இல் இந்தியா உட்பட ஒன்பது நாடுகள் கையெழுத்திட்ட திட்டம் அது. மண் அசையாதிருக்க மட்டும் அறுபது மீட்டர் ஆழம்வரை சுமார் 1,350 தூண்கள் இறக்கினார்கள். தொடக்கத்தில் நூறு கோடி யூரோ என்று பேசிய செலவு முந்நூறு கோடியைத் தாண்டியது. 2022இல் உக்ரைன் போர் வெடித்ததும் பெரும் பங்காளியான ரஷ்யாவுடன் உறவும் முறிந்தது. படிப்படியாகத் திறப்பது என்று இப்போது தீர்மானித்திருக்கிறார்கள்.

எஃப்ரிப் மட்டும் எப்படித் தப்பியது? ஒரே நாடு, ஒரே பல்கலைக்கழகம், மத்திய அரசின் 63.55 கோடி டாலர், மாநிலத்தின் 9.45 கோடி டாலர் என்று கணக்கு தெளிவாக இருந்தது பாதிக் காரணம். மீதிக் காரணம் வேலை செய்த முறை. 2014 மார்ச்சில் மண் வெட்டினார்கள். முழு எந்திரமும் முடியட்டும் என்று காத்திராமல், 2017இல் கற்றை புறப்படும் முனையை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். 2018இல் முதல் மூன்று குளிர்கலங்கள். 2019இல் முதல் மடிப்பு முழுதும். ஒருபுறம் பொருத்திக்கொண்டே மறுபுறம் சோதித்ததில், கோளாறு எதுவானாலும் சிறிதாக இருக்கும்போதே கண்ணில் பட்டது. ஒதுக்கிய பணத்துக்குள், குறித்த கெடுவுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே திட்டம் முடிந்தது. பல நாட்டுக் கூட்டணிகள் இதை அப்படியே நகலெடுக்க முடியாது; படிப்படியாகச் சோதிக்கும் பழக்கத்தையாவது எடுத்துக்கொள்ளலாம்.

“ரிப்பன் வெட்டிய மறுநாளே முழுத் திறன்”

2022 மேயில் நடந்த முதல் ஆய்வுக்குக் கிடைத்த கற்றை ஒரே ஒரு கிலோவாட். கால்சியம்-48 கருக்களை உடைத்து, ஐந்து அரிய கருக்களின் அரைவாழ்வுக் காலத்தை முதன்முறையாக அளந்தார்கள். பிறகு, தட்டும் தடுப்பும் தாங்குகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் திறனை ஏற்றிவந்தார்கள். பிளாட்டினக் கற்றையிலிருந்து தூலியம், இட்டெர்பியம், லுட்டீசியம் ஆகியவற்றின் ஐந்து புதிய ஐசோடோப்புகள் கிடைத்த செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. யுரேனியக் கற்றை 10.4 கிலோவாட்டை எட்டியதும், முதல் எட்டு மணிநேரத்துக்குள்ளேயே காலியம்-88, ஆர்செனிக்-93, செலினியம்-96 என மூன்று புதியவை சிக்கின. அது வடிவமைத்த திறனில் நாற்பதில் ஒரு பங்குதான்.

“இதனால் யாருக்கு என்ன பயன்?”

நியாயமான கேள்வி. தங்கமும் யுரேனியமும் எங்கே பிறந்தன என்பதற்கு, நியூட்ரான் விண்மீன்கள் மோதிக்கொள்ளும் இடங்கள் என்பது ஒரு முக்கிய விடை. 2017இல் அப்படி ஒரு மோதலை வானியலாளர்கள் கண்டார்கள். அங்கே எது எவ்வளவு உண்டாகும் என்று கணக்கிட, சில நொடிகூட நிலைக்காத கருக்களின் எடையும் ஆயுளும் தெரிய வேண்டும். எஃப்ரிப் அவற்றை அளக்கிறது. இந்த அறிவு அரிசி விலையைக் குறைக்காது. குறைக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பது ஏமாற்று வேலை.

உபரிப் பயன்கள் உண்டு. கற்றையை விழுங்கும் நீரில் தேங்கும் ஐசோடோப்புகளை மருத்துவ ஆய்வுக்குப் பிரித்தெடுக்க முயல்கிறார்கள். அதே வளாகத்தில் 1982இல் ஓடத் தொடங்கிய கே500 என்ற சைக்ளோட்ரான், மீக்கடத்திக் காந்தத்தால் இயங்கிய உலகின் முதல் சைக்ளோட்ரான். விண்கலங்களுக்குப் போகும் சிப்புகள் விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்குமா என்று சோதிக்க, அதைப் புதுப்பித்திருக்கிறார்கள்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நாம் வேடிக்கை பார்ப்பவர்கள்”

டார்ம்ஸ்டாட்டின் காந்தங்களுக்கு மின்சாரம் ஊட்டும் துல்லியக் கருவிகள் ஹைதராபாத்தின் இசிஐஎல் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. இந்தியப் பங்களிப்பை ஒருங்கிணைப்பது கொல்கத்தாவின் போஸ் நிறுவனம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான டெல்லி முடுக்கி மையம் நியோபியக் கேவிட்டிகளைத் தானே செய்கிறது. மிச்சிகன் கே500 மாதிரியை ஒட்டிய ஒரு சைக்ளோட்ரானைக் கொல்கத்தா முடுக்கி மையமும் கட்டியது. 2009இல் அதற்குள் கற்றை சுழன்றது. ஆனால் அதை வெளியே இழுத்து ஆய்வாளர்களிடம் கொடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. காந்தப்புலத்தை மறுபடி அளந்து, கோணலைத் திருத்த வேண்டியிருந்தது.