ஒன்றைப் பற்றிய கொங்குப் பிராட்டி

காரமடை ஸ்ரீ அரங்கநாதன் மாசித் திருத்தேரில் எழுந்தருளும் நன்னாளில், கோவையினின்றும் நீலகிரியினின்றும் சுற்றியுள்ள சிற்றூர்களினின்றும் அடியார்கள் வந்து குழுமுகின்றனர். பந்தசேவையும் தண்ணீர்சேவையும் புரிவோரால் வீதிகள் நிறைகின்றன. தேர்வடம் பிடித்த கையோடு உள்ளத்தில் சங்கற்பங்கள் எழுவது இயல்பே. நாளை முதல் விடியலில் எழுவது, நீராடித் திருமண்காப்புத் தரிப்பது, திருவஷ்டாக்ஷரத்தை நூற்றெட்டு முறை ஜபிப்பது, ஏகாதசி உபவாசம், புகையிலையை விடுவது, சினத்தை ஒழிப்பது, தம்பியோடுள்ள வரப்பு வழக்கைத் தீர்த்துக்கொள்வது என எல்லாம் ஒரே நாளில்! பங்குனி பிறக்குங்கால் இவற்றுள் எத்தனை எஞ்சி நிற்கின்றன என்பதை அவரவர் நெஞ்சமே அறியும். அதன்பின், ‘நமக்கு இவையெல்லாம் கிட்டா’ என்ற சோர்வு குடிகொள்கிறது. சங்கற்பம் கெட்டதைக் காட்டிலும் இச்சோர்வே பெருங்கேடு.

இது பக்திக் குறைவால் விளைந்ததன்று. மனிதனுக்கு வாய்த்த ஊக்கம் அளவுடையது. பத்துத் திசையிலும் அதனைப் பரப்பினால் ஓரிடத்தும் ஈரம் தங்காது. கொங்கு நாட்டு வேளாளர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பவானிசாகர் அணை 1955-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கீழ்பவானி வாய்க்காலின் பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். அத்தனை நிலத்துக்கும் ஒருசேர நீர் விட்டால் கடைமடை காயும். ஆதலின் ஒரு பாதியாகிய 1,03,500 ஏக்கருக்கு ஒரு போகத்தில் நஞ்சைப் பயிருக்கும், மறுபாதிக்கு அடுத்த போகத்தில் புஞ்சைப் பயிருக்கும் நீர் விடுவது என்றும், மறுவருடம் முறையை மாற்றுவது என்றும் ஏற்பாடு செய்தனர். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்திலும் திருமூர்த்தி அணைப் பாசனம் நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, சுழற்சி முறையில் நீர் பெறுகிறது. (மடைத் தகராறுகள் இல்லாமல் இல்லை, அவை வேறு கதை.) முறை வராத நிலம் கைவிடப்பட்ட நிலமன்று. இதனை உணராதவரே, ‘ஒன்றிரண்டை முதலில் எடுத்துக்கொள்க’ என்று பெரியோர் கூறினால், மற்ற தர்மங்களை விட்டுவிடச் சொல்வதாக மயங்குகின்றனர். நித்திய அனுஷ்டானங்கள் என்றும் உள்ளனவே. புதிதாகத் திருத்திக்கொள்ள முயல்வனவற்றைப் பற்றியே இப்பேச்சு.

எதற்கு முதல் முறை தருவது? தம்மால் பிறரொருவர் புண்பட்டிருப்பின் அதற்கே முதலிடம். தம்பியின் வழக்கு ஜபத்துக்குக் காத்திராது. அத்தகையது இல்லையெனில், பிறவற்றைத் தன்னோடு இழுத்து வரவல்லது எதுவோ அதனைக் கொள்ளலாம். விடியலில் எழுதல் கைவந்தால் நீராட்டமும் ஜபமும் அதன் பின்னே தாமே வரும்.

உறுதியுடையார் புத்தி ஒன்றேயென்றும், உறுதியில்லார் புத்தி பல கிளைகளாய்ப் பிரியுமென்றும் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் பார்த்தனுக்கு உணர்த்தியருளினான். எம்பெருமானார் ஸ்ரீ ராமாநுசரோ இதனை நடந்தே காட்டினார். திருமந்திரத்தின் உட்பொருள் ஒன்றைப் பெறுதற்காகத் திருவரங்கத்தினின்று திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை எழுந்தருளினார் என்பது குருபரம்பரை. பதினேழு முறை வறிதே திரும்பியும், வேறொரு பொருளை நாடி அவர் திருவுள்ளம் சிதறவில்லை.

அவரிடமே அவ்வழியைக் கற்றவள் கொங்கு நாட்டினள். பஞ்சத்தால் கணவனோடு திருவரங்கம் புகுந்து பிழைத்து வந்த அப்பெண்மணி, பிக்ஷைக்கு எழுந்தருளும் உடையவரைப் பலரும் விழுந்து வணங்குவதைக் கண்டாள். காரணம் வினவினாள். பகவத் விஷயத்தைச் சொல்லுவதால் வணங்குகின்றனர் என்று அவர் ஸாதிக்க, ‘அதனை அடியாளுக்கும் அருளவேணும்’ என்று வேண்டினாள். த்வயமாகிய மந்திரரத்தினத்தை அவர் உபதேசித்தருளினார். பஞ்சம் நீங்கி ஊர் திரும்புங்கால் அது மறந்துபோகவே, கூசாது மீண்டும் வந்து கேட்டுப் பெற்றாள். சாஸ்திரங்கள் பலவற்றை அவள் கற்றதாகப் பெரியோர் கூறவில்லை. அந்த ஒன்றோடு கொங்கு நாடு திரும்பினாள்.

ஆண்டுகள் கழிந்தன. சோழ அரசனால் ஆபத்து நேரவே, உடையவர் காஷாயமும் திரிதண்டமும் துறந்து, வெள்ளை உடுத்து, சீடர்களோடு காடு மலை கடந்து மேல்நாடு நோக்கி எழுந்தருளினார். பசித்து வந்த அக்கூட்டம் ஒரு வீட்டை அடைந்தது. அமுது செய்யுமாறு அவ்வில்லத்தாள் வேண்ட, அறியாத இடமென்று சீடர்கள் தயங்கினர். தான் திருவரங்கத்தில் உடையவரிடம் உபதேசம் பெற்றவள் என்றாள். பெற்றதைச் சொல்லுமாறு கேட்க, த்வயத்தைப் பிழையின்றி விண்ணப்பித்தாள்.

அவர்களுள் உடையவர் யாரெனக் காணுமாறு பணித்தபோது, விளக்கை ஏந்தி ஒவ்வொருவர் திருவடியாகப் பார்த்து வந்தாள். வெள்ளை உடுத்தவர் முன் வந்து நின்று, திருவடிகள் அவருடையவை போலவே உள்ளன, காஷாயமும் தண்டமும் காணாமையால் தெளியமுடியவில்லை என்றாள். அவர் தம்மை வெளியிட்டருளினார். அன்றிரவு அவள் சமைத்த அமுதால் சீடர்கள் பசி தீர்ந்தனர்.