முதலில் மூக்கு, பிறகு நாக்கு, அப்புறம்தான் கிளிப்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. எந்நேரமும் வாயைத் திறந்தே வைத்திருக்கிறாள். தூக்கத்தில் குறட்டை, தலையணையெல்லாம் எச்சில். முன்பற்களும் தூக்கலாக இருக்கின்றன. கிளிப் போட அழைத்துப்போனால், “நாக்கு பல்லைத் தள்ளுகிறது, முதலில் அதற்குப் பயிற்சி வேண்டும்” என்கிறார் பல் மருத்துவர். கிளிப் மட்டும் போட்டால் போதாதா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாதும்மா. பல் மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் பயிற்சிக்கும் முன்னால், மகளைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தாலோ, ஒவ்வாமையால் மூக்கு அடைத்திருந்தாலோ, குழந்தை வாயால்தான் மூச்சு விட்டாக வேண்டும். அவளைப் போய் “வாயை மூடு” என்று அதட்டுவது அநியாயம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். அது இருக்க வேண்டிய இடம் மேல் அண்ணம்; நுனி, மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில். கைக்குழந்தைகள் நாக்கை முன்னுக்குத் தள்ளித்தான் விழுங்குவார்கள். ஆறு வயதுவாக்கில் பெரும்பாலும் அது மாறிவிடும். சிலருக்கு மாறுவதில்லை. விழுங்கும் அந்த ஒரு நொடியைவிட, நாள் முழுக்க நாக்கு பல்லில் சாய்ந்து கிடப்பதுதான் பல்லை அதிகம் நகர்த்துகிறது. நாக்கை அப்படியே விட்டுவிட்டுப் பல்லை மட்டும் வரிசைப்படுத்தினால், கிளிப்பைக் கழற்றியதும் பல் பழைய இடத்துக்கே வரக்கூடும்.

பயிற்சிகள் எளியவை. நுனியை அந்த மேட்டில் வைத்துப் பழகுவது, நாக்கை அண்ணத்தில் ஒட்டி ‘டொக்’கென்று சொடுக்குவது, ஐஸ்கிரீம் குச்சியைப் பல் படாமல் உதடுகளால் பிடித்திருப்பது. தினமும் கொஞ்ச நேரம், பல மாதங்கள். இதில் பழக்கமுள்ள ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். விரல் சூப்பும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். பயிற்சி மட்டுமே பல்லை நேராக்கிவிடாது. கிளிப் பிறகு தேவைப்படலாம்.

பெரியவர்களுக்கும் இத்தகைய பயிற்சி உதவும். 2009-இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு மிதமாக உள்ளவர்கள் மூன்று மாதம் நாக்கு, தொண்டைப் பயிற்சி செய்தார்கள். மூச்சுத் தடைகள் சுமார் 39 சதவீதம் குறைந்தன.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: இரவில் வாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டித் தூங்க வைப்பது. மூக்கடைத்த குழந்தைக்கு அது ஆபத்து.