நான்கு யார்க்ஷயர்க்காரர்கள்

ஒரே நகைச்சுவைக் காட்சி பல காலங்களில், பல மேடைகளில், பலரால் நடிக்கப்பெறும்போது, அதில் மாறுவது எது? மாறாமல் நிற்பது எது? இவ்வினாவுக்கு விடை காண ஏற்றதோர் எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் இருக்கிறது. 'நான்கு யார்க்ஷயர்க்காரர்கள்' என்பது அதன் பெயர். சில நிமிடங்களே ஓடும் காட்சிதான். ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்களைச் சிரிக்கவைத்து வருகிறது.

முதலில் காட்சியைப் பார்ப்போம். யார்க்ஷயர் என்பது வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன பகுதி. அங்கே ஏழைகளாகப் பிறந்து செல்வர்களான நால்வர், உயர்ந்த உடையணிந்து மது அருந்திக்கொண்டு பழங்கதை பேசுகின்றனர். அந்நாளில் ஒரு கோப்பைத் தேநீர் கிடைத்தாலே பெரிது என்கிறார் ஒருவர். அதுவும் ஆறிய தேநீர் என்கிறார் அடுத்தவர். பாலும் சர்க்கரையும் இல்லாமல் என்கிறார் மற்றொருவர். தேயிலையே இல்லாமல் என்று முடிக்கிறார் இன்னொருவர்!

பிறகு பேச்சு வீட்டுக்குத் திரும்புகிறது. மேடையில் நடிக்கப்பெறும் வடிவத்தில் அது இப்படி இறங்கிச் செல்கிறது: கூரையில் ஓட்டை விழுந்த வீடு, 26 பேருக்கு ஒரே அறை, வெறும் நடைவழி, குப்பைமேட்டில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி, தார்ப்பாய் போர்த்திய குழி, அக்குழியிலிருந்தும் துரத்தப்பட்டுப் புகுந்த ஏரி, கடைசியில், நடுத்தெருவில் 150 பேர் குடியிருந்த செருப்புப் பெட்டி! இதையெல்லாம் இக்காலப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று நால்வரும் ஒருமனதாக வருந்துவதோடு காட்சி முடிகிறது.

இதனை 'மான்ட்டி பைத்தான்' குழுவின் படைப்பு என்றே பலர் எண்ணுகின்றனர். அது பிழை. அக்குழுவின் தொடர் தொடங்கியது 1969-இல். இக்காட்சியோ 1967-இலேயே, 'அட் லாஸ்ட் தி 1948 ஷோ' என்னும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிறந்துவிட்டது. டிம் புரூக்-டெய்லர், ஜான் கிளீஸ், கிரஹாம் சாப்மன், மார்ட்டி ஃபெல்ட்மன் ஆகிய நால்வரே எழுதி நால்வரே நடித்தனர்.

1974-இல் மான்ட்டி பைத்தான் குழு இதனை லண்டன் டிரூரி லேன் அரங்குக்குக் கொண்டுசென்றது. எழுதிய நால்வருள் அங்கே நடித்தவர் சாப்மன் ஒருவரே. எரிக் ஐடில், டெரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் ஆகியோர் உடன் நடித்தனர். 1979-இல் ஆம்னஸ்டி இயக்கத்துக்கு நிதி திரட்டிய மேடையில் கிளீஸ், ஜோன்ஸ், பேலின் ஆகியோருடன் ரோவன் அட்கின்சன் சேர்ந்தார். 1980-இல் அமெரிக்காவின் ஹாலிவுட் பௌல் அரங்கில் நடித்தது 1982-இல் திரைப்படமாக வந்தது. 2014-இல் கிளீஸ், ஐடில், ஜோன்ஸ், பேலின் ஆகியோர் லண்டனில் மீண்டும் நடித்தனர். 1967-இல் முப்பது வயதுகூட நிரம்பாத கிளீஸ் கிழவராக வேடமிட்டார். 2014-இல் நால்வரும் எழுபதைக் கடந்தவர்கள்; முதுமைக்கு வேடமே தேவைப்படவில்லை!

ஆய்வுக்கூடத்தில் ஒன்றை நிலையாக வைத்து மற்றவற்றை மாற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இங்கே நடிகர் மாறினர்; நாடு மாறியது; சொற்களும் மாறின. காலையில் கந்தக அமிலம் குடித்துவிட்டு ஆலைக்குப் போனதாக ஒரு வடிவம் சொல்கிறது. வேதியியல் மாணவனாகிய எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. வேறொன்றில் அமிலத்துக்குப் பதில் நஞ்சுக்கட்டி. எதை வைத்தாலும் சிரிப்புக் குறையவில்லை.

மாறாதவை இரண்டு. ஒன்று, படிப்படியாக இறங்கும் அந்த வரிசை. மற்றொன்று, ஒருவரும் மற்றவரைப் பார்த்து "பொய்" என்று சொல்லாமை. முன்னவர் கூறியதை ஏற்றுக்கொண்டு, "அது உமக்கு வாய்த்த சுகம்" என்ற பாவனையில்தான் அடுத்தவர் தொடங்குகிறார். யாராவது ஒருவர் மறுத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். மறுப்பார் இல்லாமையால் பொய் வளர்கிறது.

இன்னொன்றையும் நோக்குக. முதற்படிகள் பொய்யல்ல. ஒழுகும் கூரையும், ஒரே அறையில் ஒண்டிய பெருங்குடும்பமும் ஆலைத் தொழிலாளர் உண்மையாகவே கண்ட வாழ்க்கை. ஆனால் செருப்புப் பெட்டியைக் கேட்டுச் சிரித்தபின் அந்த ஒழுகும் கூரையையும் நாம் நம்புவதில்லை. கடைசிப் பொய் முதல் மெய்யையும் விழுங்கிவிடுகிறது.

இக்காட்சியை நம் விடுதியிலும் நான் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு புதிய மாணவரை வரவேற்ற மாலையில், மூத்தவர்கள் நாங்கள் வட்டமாக அமர்ந்து எங்கள் முதலாண்டுத் துன்பங்களை அடுக்கினோம். முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டே வந்ததாக ஒருவர் சொன்னார். ஒரு மாதம் சோற்றையே பார்க்கவில்லை என்றார் மற்றொருவர். குழாயில் பனிக்கட்டி வந்தது என்று நானும் என் பங்குக்கு அளந்தேன். அப்போது முதலாண்டுத் தம்பி ஒருவர், "அண்ணா, எனக்கு ஸ்வெட்டரே கிடையாது" என்றார். எல்லாரையும் மிஞ்சிவிட்டான் என்று கைதட்டிச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

சனவரிக் குளிரில் ஒரு நாள் காலை, சட்டைக்குள் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போவதைக் கண்டேன். அன்று அவர் சொன்னது அந்த வட்டத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை. அதை அடுத்த படியாக எண்ணிச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

அந்த ஆங்கிலக் காட்சியைக் கணினியில் கண்டு சிரியுங்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் இவ்வாண்டும் ஊரிலிருந்து புதியவர்கள் வருவார்கள். நம் பழங்கதைகளைத் தொடங்குமுன், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தனியே அழைத்து ஒரு முறை கேட்டுவிடுவோம்.