சைக்கிள் தடம்: உரிமையும் ஒழுங்கும்

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில், கபிலை ஆற்றின் கரையில் அமைந்திருப்பது நஞ்சன்கூடு. ஸ்ரீகண்டேசுவரர் திருக்கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர் இன்று ஒரு தொழில் நகரமும் ஆகும். கோழிக்கோட்டையும் மைசூரையும் இணைக்கும் 766ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இதன் வழியே செல்கிறது. சரக்கு லாரி, வெளியூர்ப் பேருந்து, யாத்திரிகர் வாகனம், தொழிலாளியின் சைக்கிள், பள்ளி மாணவியின் சைக்கிள் ஆகிய அனைத்தும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வேகமும் எடையும் குறைந்தவரே இப்பங்கீட்டில் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறார். எனவே, சைக்கிளுக்கெனத் தனித் தடம் அமைப்பதும், அதனை முறையாகப் பயன்படுத்துவதும் இத்தகைய ஊர்களில் ஆராயத்தக்க பிரச்சினைகளாகும்.

ஏழையின் வாகனம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் குடும்பங்களில் 44.8 சதவீதத்தினரிடம் சைக்கிள் இருந்தது. மோட்டார் பொருந்திய இருசக்கர வாகனம் 21 சதவீதத்தினரிடமே இருந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஓர் அங்கமாக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். கர்நாடக அரசு 2006-07இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவச சைக்கிள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், வாகனத்தைக் கொடுத்த சமுதாயம் அது பாதுகாப்பாகச் செல்ல வழியையும் கொடுத்ததா என்பது சிந்திக்கத்தக்கது. 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். இவர்களுள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள்.

அகலமும் கொள்திறனும்

சைக்கிள் தடம் குறித்த தன் முதல் நெறிமுறையை இந்தியச் சாலைப் பேரவை 1962இல் வெளியிட்டது. 2015இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. மணிக்கு 200க்கு மேற்பட்ட மோட்டார் வாகனங்கள் செல்லும் சாலையில், மணிக்கு 100 சைக்கிள்களே சென்றாலும் தனித் தடம் நியாயமானதே என்று 1962ஆம் ஆண்டு நெறிமுறை கூறியது. தடத்தின் குறைந்தபட்ச அகலம் 2 மீட்டர். முந்திச் செல்ல இடமளிப்பதாயின் 3 மீட்டர் வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை.

அதில் காணப்படும் மற்றொரு கணக்கு நம் கவனத்திற்குரியது. இரண்டு வரிசை கொண்ட தடத்தில் அனைவரும் ஒரே திசையில் சென்றால் மணிக்கு 250 முதல் 600 சைக்கிள்கள் செல்லலாம். அதே தடத்தில் இருதிசைகளிலும் சென்றால் 50 முதல் 250 வரையே செல்ல முடியும். ஆகவே, ஒருவழித் தடத்தில் எதிர்த்திசையில் வருபவர் விபத்துக்கு வழி வகுப்பதோடு, பொதுப் பணத்தில் உருவான கொள்திறனில் பாதிக்கு மேல் வீணாகவும் காரணமாகிறார். சாலை ஒழுங்கு என்பது பண்பாட்டுப் பிரச்சினை மட்டுமன்று, பொருளாதாரப் பிரச்சினையும் ஆகும் என்பதற்கு இதுவே சான்று.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மிதித்து ஓட்டும் சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. அதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. நடைபாதையிலும் சைக்கிள் தடத்திலும் மோட்டார் வாகனம் ஓட்டுவதை 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள் தடை செய்தன. அவற்றின் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் இத்தடை தொடர்கிறது. ஆயினும் விதி மட்டும் தடத்தைக் காப்பதில்லை. பெங்களூரு ஜெயநகரில் 2012இல் அமைக்கப்பட்ட தடங்களில் கார்களும் ஸ்கூட்டர்களும் நிறுத்தப்பட்டமை அனைவரும் அறிந்ததே.

பயன்படுத்துவோர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. தடத்தின் இடப்புறமாகவே செல்லுதல் வேண்டும். முந்துவோர் மணியடித்து, வலப்புறமாக முந்த வேண்டும்.

2. இருவர் இணையாகச் சென்று உரையாடுவது பின்னால் வருபவரின் வழியை அடைக்கும்; ஒருவர் பின் ஒருவராகச் செல்வதே முறை.

3. சங்கிலி கழன்றாலோ காற்று இறங்கினாலோ, வண்டியைத் தடத்திற்கு வெளியே கொண்டுசென்று சரிசெய்ய வேண்டும்.

4. திரும்புமுன் கையால் சைகை காட்ட வேண்டும். சாலைச் சந்திப்புகளில், இடப்புறம் திரும்பும் லாரியின் பக்கவாட்டில் நுழைதல் கூடாது. ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத இடம் அது.

5. வாழைத்தாரோ பால் கேனோ ஏற்றிச் செல்வோர், சுமை பக்கவாட்டில் நீளாதவாறு கட்ட வேண்டும். இரவில் முன்விளக்கும், பின்புறம் ஒளி பிரதிபலிக்கும் சிவப்பு வில்லையும் இன்றியமையாதவை.

6. பேருந்து நிறுத்தத்தில் இறங்குவோருக்கு வழிவிட வேண்டும். நஞ்சன்கூட்டில் தேர்த்திருவிழா நாள்களைப் போல் கூட்டம் மிகும்போது, இறங்கித் தள்ளிச் செல்வதே பொறுப்புடைய செயல்.

அலுவலர் கடமை

மைசூரில் 2017இல் ‘ட்ரின் ட்ரின்’ என்னும் பொது சைக்கிள் பகிர்வுத் திட்டம் 450 சைக்கிள்களுடன் தொடங்கப்பட்டது. வண்டிக்குச் செய்யும் முதலீடு முழுப் பயன் தர வேண்டுமாயின் தடத்திற்கும் முதலீடு வேண்டும். வாகனங்களைவிட மனிதர்களின் போக்குவரத்தே முதன்மையானது என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வலியுறுத்தியது. தடத்தில் கொட்டிய ஜல்லியை அகற்றுவதும், உடைந்த சாக்கடை மூடியை மாற்றுவதும், நிறுத்தப்பட்ட வாகனத்தை அப்புறப்படுத்துவதும் அக்கொள்கையின் அன்றாடச் செயல் வடிவங்களே. அடைபட்ட தடத்திலிருந்து விலகி நெடுஞ்சாலையில் இறங்கும் மாணவியை ‘விதியை மீறினாள்’ என்று கூற எவருக்கும் உரிமை இல்லை. தடத்தைச் செம்மையாக வைத்திருப்பது அரசின் பொறுப்பு. அதில் ஒழுங்காகச் செல்வது குடிமக்களின் பொறுப்பு. இவ்விரண்டும் இணைந்தால்தான் சாலையில் எளியவரின் பங்கு உறுதிப்படும்.