ரிமைண்டர் மெயில் தானா போகட்டும்!

சிம்போசியத்துக்கு ரெஜிஸ்டர் செய்த எல்லோருக்கும் ஒவ்வொரு மெயிலா கையால அனுப்பிட்டு இருக்கீங்களா? கூகுள் ஷீட்டோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போதும்.

டிரிகர் ரெண்டு வகை. யாராவது ஒன்று செய்தால் ஓடுவது ஈவென்ட் டிரிகர். ஃபார்ம் சப்மிட் ஆனதும் போகும் 'பதிவு ஆகிவிட்டது' மெயிலுக்கு இது. நேரம் வந்தால் ஓடுவது டைம் டிரிகர், ரிமைண்டருக்கு இது.

மெயில் அனுப்பும் ஃபங்ஷனை எழுதியபின், இடது பக்கக் கடிகார ஐகானை அமுக்கி 'ஆட் டிரிகர்' கொடுங்க. முதலாவதுக்கு 'ஆன் ஃபார்ம் சப்மிட்'. ரெண்டாவதுக்கு 'டைம் டிரிவன்', 'டே டைமர்', காலை 8 முதல் 9. அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ஓடும். புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம் ஸோன் இந்தியாவா என்றும் பாருங்க.

இனிதான் முக்கியம். சாதாரண ஜிமெயில் கணக்கில், ஸ்கிரிப்ட் மூலம் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மெயில் போகும். போன வருஷம் நாங்க இதைப் படிக்கவே இல்ல. ஹால் மாறின தகவலை முந்தின நாள் காலைல 160 பேருக்கு அனுப்பப் பார்த்தோம். 60 பேருக்குப் போகல. வெளியூர்ல இருந்து வந்தவங்க பூட்டின ஹால் வாசல்ல நின்னாங்க. தப்பு முழுக்க எங்களோடது.

அதனால, ஒவ்வொரு மெயில் போனதும் அந்தப் பெயருக்கு எதிரே 'அனுப்பியாச்சு' என்று ஸ்கிரிப்ட்டே ஷீட்டில் குறிக்கட்டும். நிகழ்ச்சிக்கு 3 நாளோ அதுக்குக் குறைவாகவோ இருந்து, அந்தக் குறி இல்லாதவங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்க. விட்டுப்போனவங்களுக்கு மறுநாள் டிரிகரே அனுப்பிடும். ஒருத்தருக்கே ரெண்டு தடவையும் போகாது.

ஆன் பண்றதுக்கு முன்னாடி, ஷீட்டில் உங்க பெயரை மட்டும் வைச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.