‘கிரப் ரெஸ்க்யூ’ வந்தால் பார்மட் செய்யாதீர்கள்!

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ‘எரர்: நோ சச் பார்ட்டிஷன்’ என்றும், கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்றும் இரண்டே வரிகள். பக்கத்தில் இருப்பவர், “ஹார்ட் டிஸ்க் போச்சு, பார்மட் பண்ணணும்” என்பார். பொறுங்கள். உங்கள் பைல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி ஒரு பழைய லேப்டாப் செஞ்சி அருகே பனமலையில் ஒரு மாணவியிடம் இருப்பதாகக் கொள்வோம். ஊரில் உள்ள தாளகிரீஸ்வரர் கோயிலின் பல்லவர் கால ஓவியத்தைப் படமெடுத்து, பள்ளிக்கான கட்டுரையுடன் அதில் வைத்திருக்கிறாள். இடம் போதவில்லை என்று லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை அழிக்கிறாள். மறுமுறை ஆன் செய்தால் இந்தப் பிழை!

ஏன்? ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் ஒரு சிறு புரோகிராம் உண்டு. இந்த லேப்டாப்பில் அது லினக்ஸின் ‘கிரப்’. இதற்குத் தேவையான மற்ற பைல்கள் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருந்தன. அதை அழித்ததும் கிரப் வழி தெரியாமல் நின்றுவிட்டது. விண்டோஸும் படங்களும் வேறு பார்ட்டிஷனில் பத்திரமாக உள்ளன.

சரிசெய்யும் முறை:

1. பென் டிரைவ், சிடி, மெமரி கார்டு எதுவும் இருந்தால் எடுத்துவிட்டு மீண்டும் ஆன் செய்து பாருங்கள்.

2. பிழை நீடித்தால், இன்னொரு கம்ப்யூட்டரில் தயாரித்த லைவ் லினக்ஸ் பென் டிரைவ் மூலம் பூட் செய்து, முக்கியமான பைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். ‘இன்ஸ்டால்’ என்பதைத் தொடவே வேண்டாம்.

3. அடுத்து விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்து, மொழியைத் தேர்ந்தெடுத்தபின் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’, பிறகு ‘கமாண்ட் பிராம்ப்ட்’ கிளிக் செய்யுங்கள்.

4. ஆங்கில எழுத்துகளில் ‘பூட்ரெக்’ என டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே ‘பிக்ஸ்எம்பிஆர்’ என அடித்து என்டர் தட்டுங்கள். முதல் சொல்லில் இரண்டு ஓ வரும். கடைசி எழுத்து சி. டிவிடியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் வரும்.

விண்டோஸ் 8-க்குப் பின் வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் யூஇஎப்ஐ முறை உள்ளது. அங்கே இந்தக் கட்டளை உதவாது. செட்டப் திரையின் பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலில் வையுங்கள், போதும்.

தவறிப்போய் விண்டோஸ் பார்ட்டிஷனையே அழித்திருந்தால்? அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். பைல்களை மீட்க உள்ள வாய்ப்பு எழுத எழுதக் குறைந்துவிடும்.

இன்னொன்று: விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாப்ட்டின் பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் பொதுப் பயனாளர்களுக்கு முடிந்துவிட்டது. அதில் கட்டுரை எழுதலாம்; பேங்க் வேலை வேண்டாம்.

பார்மட் எப்போதும் கடைசி வழிதான். பார்ட்டிஷனில் கை வைக்கும் முன், முக்கியமான பைல்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.